வைஃபை மறைந்த கணினி

வீட்டுக் கணினி ஒரு நாட் காலை உலகத்தோடு பேச மறுத்துவிட்டால், நம்மவரிற் பெரும்பாலார் முதலில் அதனைத் திட்டுகின்றனர். அடுத்து அதனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்து செய்யத்தக்க காரியங்கள் பல உள. அவற்றுக்குத் திருப்புளி வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை, திரையிலுள்ள ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கத் தெரிந்தாற் போதும். அவற்றையே இக்கிழமை பேச எண்ணுகின்றோம்.

இவ்வெண்ணத்தைத் தூண்டியது மாவடிப்பள்ளி அன்பர் ஒருவரின் கடிதம். அவர் நெல் விளைவிப்பவர். மகள் உயர்தர வகுப்பிற் கணிதம் படிக்கிறாள். ஈராண்டுக்கு முன், சிறுபோக அறுவடை முடிந்த கையோடு அவளுக்கென்று ஒரு மடிக்கணினி வாங்கினார். சென்ற மாதம் ஒரு நாள், திரையின் வலப்புற மூலையில் விசிறிபோல் விரிந்து நிற்க வேண்டிய வைஃபைக் குறி இல்லை. “வாப்பா, அடையாளமே காணல்ல” என்றாளாம் பிள்ளை. பழுதுபார்ப்பவர் ஒருவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, தாய்ப்பலகை போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று கூறி, புதிய கணினியின் அரைவாசி விலையைக் கேட்டிருக்கிறார். “மாற்றத்தான் வேண்டுமா?” என்பது அன்பரின் வினா.

கணினியைக் காணாமலே தீர்ப்புச் சொல்ல நாம் சோதிடரல்லோம். ஆயினும், வைஃபைக் குறி மறைந்தது என்ற ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு தாய்ப்பலகையை மாற்றச் சொல்லுதல், தலையிடி என்று வந்தவனுக்குத் தலையை மாற்றச் சொல்வதை ஒக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

கணினி இன்று வீட்டிற்கு அலங்காரப் பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதனை எல்லோரும் உணர்ந்தோம். 2021இல், நாட்டின் உட்பகுதியிலுள்ள பொஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் காட்டினூடே நடந்து, மலைப்பாறையின்மேல் ஏறியிருந்து தொலைபேசியிற் பாடம் படித்த செய்தி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 25இல் தொடங்கிய உயர்தரப் பரீட்சை வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டு டிசெம்பரில் மீண்டும் நடந்ததே, அந்நாட்களில் வீதியெல்லாம் நீராக இருக்க, எந்தப் பாடம் எந்தத் தேதிக்கு மாறியது என்பதைப் பிள்ளைகள் இணையத்திற் பார்த்துத்தான் அறிந்துகொண்டார்கள். பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பமும் இணையவழியாகவே செல்லுகின்றது. ஆகவே, ஒரு வீட்டில் வைஃபை அற்றுப்போதல் என்பது சிறு தொல்லையாகத் தோன்றினும், விண்ணப்ப முடிவுத் தேதிக்கு முதல்நாள் அது நேருமாயின் சிறு தொல்லையன்று.

மாவடிப்பள்ளியார்க்கு வாய்க்காலைப் பற்றி நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஊரைச் சுற்றியும் வயல். வயலுக்கு நீர் வரவில்லையெனின் வட்டை விதானையார் என்ன செய்கிறார்? வயலைத் தோண்டிப் பார்ப்பதில்லை. வாய்க்கால் வழியே நடந்து, எவ்விடம் வரையில் நீர் வந்திருக்கிறது, எவ்விடத்தில் நின்றுவிட்டது என்று பார்க்கிறார். நின்ற இடத்திலேயே கோளாறு. இணையமும் அப்படியே வருகின்றது. கோபுரத்திலிருந்தோ கம்பியிலிருந்தோ வீட்டு றவுட்டருக்கு வருகின்றது, றவுட்டரிலிருந்து காற்றில் அலையாகக் கணினியின் அலைவாங்கிக்கு வருகின்றது, அலைவாங்கியிலிருந்து வைஃபை அட்டைக்கு, அட்டையிலிருந்து அதனை ஆளுகின்ற டிரைவர் என்னும் மென்பொருளுக்கு, அதன்பின் விண்டோஸிற்கு, கடைசியிலேதான் நாம் பார்க்கும் பக்கத்திற்கு. இவ்வாய்க்காலில் எங்கே நீர் நின்றது என்பதே கேள்வி.

இதனை அறியும் கோல் எல்லோர் கையிலும் உள்ளது. அதுதான் கைத்தொலைபேசி. தொலைபேசியின் சொந்த இணையத்தை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையோடு மாத்திரம் அதனை இணைத்து ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். தொலைபேசியிலும் வரவில்லையானால், கணினி குற்றமற்றது. அதனை வீணாகக் கடைக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். றவுட்டரின் விளக்குகளைப் பாருங்கள். சிம் அட்டை போட்ட றவுட்டராயின் மாதத்திற்குரிய டேட்டா முடிந்துவிட்டதா என்று பாருங்கள். டேட்டா முடிந்தபின்னும் வைஃபைக் குறி நிறைந்த கோடுகளோடு அழகாகவே நிற்கும். ஏனெனில் அக்கோடுகள் றவுட்டருக்கும் கணினிக்கும் இடைப்பட்ட உறவை மட்டும் காட்டுவன. றவுட்டருக்கும் உலகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அவை ஒன்றும் சொல்லா. எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு விடயம் விளங்காமையால் நல்ல கணினிகள் நோயாளிகளாக்கப்படுகின்றன. றவுட்டரின் மின்சாரத்தைக் கழற்றி, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் கொடுத்து, மூன்று நிமிடம் காத்திருப்பது இவ்வகையிற் பலவற்றுக்கு மருந்தாகும்.

தொலைபேசியில் வந்து கணினியில் வரவில்லையாயின், அப்பொழுதே கணினியின் பக்கம் திரும்புதல் வேண்டும். அங்கும் எல்லாம் ஒரே நோயன்று. குறி இருக்கிறது, இணைந்தும் இருக்கிறது, ஆனால் ‘நோ இன்டர்நெற்’ என்று சொல்லுகிறது, இது ஒன்று. அயல் வீட்டாரின் வைஃபைப் பெயர்களெல்லாம் தெரிகின்றன, எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை; இது வேறு. எங்கள் பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது, இது இன்னொன்று. குறியே இல்லை, இது மாவடிப்பள்ளி நோய். கடைசியிற் கூறியதே மிகவும் பயமுறுத்துவது. ஆதலின் அதனிடத்தே நெடுநேரம் தங்குவோம். அதற்குமுன் அந்த அட்டை யாது என்பதை அறிந்துகொள்ளல் நன்று.

வைஃபை அட்டை என்பது ஒரு சிறு வானொலி நிலையம். கேட்கும் பெட்டி மட்டுமன்று. ஒலிபரப்பும் நிலையமும் அதுவே. கொழும்பிலே எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் தந்தித் திணைக்களப் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு பரிசோதனை ஒலிபரப்பு நடத்திய காலம் ஒன்று இருந்தது; 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. அன்று ஓர் அறையை அடைத்து நின்ற காரியத்தை இன்று இருபத்திரண்டு மில்லிமீற்றர் அகலமும் முப்பது மில்லிமீற்றர் நீளமுமுள்ள அட்டையொன்று செய்கின்றது. அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் புறப்பட்டு, பெரும்பாலான மடிக்கணினிகளிலே, திரையின் சட்டத்துக்குள்ளே ஏறி மறைந்து நிற்கும். அவையே அலைவாங்கிகளுக்குச் செல்வன. திரையைக் கீழே போட்டு உடைத்துப் புதுத்திரை மாற்றியபின் வைஃபை வலுக்குன்றிவிட்டது என்று சிலர் சொல்வதன் காரணம் இதுவே: மாற்றியவர் அக்கம்பியைத் திரும்பப் பொருத்தாது விட்டிருப்பார்.

இவ்வட்டை இரண்டு சுருதிகளிற் பேசும். ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ், அஃதாவது ஒரு வினாடிக்கு 240 கோடி அதிர்வு. மற்றையது 5 கிகாஹேர்ட்ஸ். வினாடிக்கு 500 கோடி. அலை வினாடிக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், வகுத்துப் பார்க்கும் மாணாக்கருக்கு முன்னையதன் அலைநீளம் பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர் என்றும் பின்னையது ஆறு சென்ரிமீற்றர் என்றும் விடை வரும். அலைவாங்கியின் நீளம் அலைநீளத்தின் காற்பங்குக்குப் பொருந்த அமைவது வழக்கம். ஆகவே மூன்று சென்ரிமீற்றர்க் கம்பி போதுமாயிற்று. மாவடிப்பள்ளிக்கு அடுத்த காரைதீவிற் பிறந்தவரும், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவருமாகிய விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலில் நரம்பின் நீளத்துக்கும் அதிற் பிறக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கை விரித்து ஆராய்ந்தார். குறுகிய நரம்பு உச்சமாக ஒலிக்கும் என்ற அந்த உறவே இங்கும் உள்ளது. யாழில் அதிர்வது நரம்பு. இங்கே அதிர்வது மின்காந்தம்.

கம்பியின்றிக் கணினிகளைப் பேசவைக்கும் முயற்சி தீவுகளிலேதான் முதலில் வேரூன்றியது என்பது எம்போன்ற தீவார்க்கு மகிழ்ச்சி தருவது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலே நோர்மன் ஏப்ரம்சன் என்பாரும் அவர் துணைவரும் 1971இல், கடலாற் பிரிந்து கிடந்த தீவுகளின் கணினிகளை வானொலியால் இணைத்தனர். எல்லோரும் ஒரே அலைவரிசையிற் பேசினால் ஒருவர் சொல் மற்றவர் சொல்லோடு மோதுமன்றோ? மோதினால், ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றிய சிறிது நேரம் பொறுத்து மீண்டும் சொல்லுக என்பது அவர்கள் கண்ட விதி. இன்றைய வைஃபையும் முதலிற் செவிகொடுத்துக் கேட்டு, யாரும் பேசாதபோது பேசுகின்றது. அப்படியும் மோதினாற் பொறுத்து மறுபடி சொல்லுகின்றது. நம் கூட்டங்களிற் பலருக்கு இவ்வொழுக்கம் இன்னும் கைவரவில்லை. வைஃபைக்குரிய பொதுவிதி 1997இல் வெளிவந்தது. அப்போது அதன் வேகம் வினாடிக்கு இரண்டு மெகாபிற். பெயர் 1999இல் வந்தது.

இனி மறைந்த குறிக்கு வருவோம்.

முதலில், யாரேனும் அறியாமல் அணைத்துவிட்டார்களா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல் வரிசையில் ஆகாயவிமானம் அல்லது கோபுரம் வரைந்த விசை ஒன்றுண்டு. சிறு பிள்ளையின் விரல் அதன்மேற் பட்டாற் போதும். பழைய மடிக்கணினிகளின் முன்விளிம்பிலோ பக்கத்திலோ நகர்த்தும் பொத்தானும் இருக்கும். இது அற்பம் என்று தோன்றும். ஆயினும் இதைப் பாராமலே கணினியைக் கடை வரை சுமந்தோர் உளர்.

அடுத்தது, கணினியை உண்மையாகவே மீளத் தொடக்குதல். இங்கே பலரும் அறியாத ஒரு நுட்பம் உள்ளது. இன்றைய விண்டோஸில் ‘ஷட் டவுன்’ என்பதை அழுத்தினால், விரைவாக மறுபடி எழுவதற்காக அது தன் நினைவின் ஒரு பகுதியைச் சேமித்துவைத்துவிட்டு உறங்குகிறது; அட்டை பற்றிய தவறான நினைவும் அதனோடு சேர்ந்து உறங்கி, சேர்ந்தே எழுகின்றது. ‘றீஸ்ராட்’ என்பதை அழுத்தினாலோ அனைத்தையும் மறந்து புதிதாகத் தொடங்குகின்றது. ஆகவே, பத்து முறை அணைத்துப் போட்டும் பயனில்லை என்பவர் ஒரு முறை றீஸ்ராட் செய்து பார்த்தல் வேண்டும்.

அதற்கும் இணங்கவில்லையாயின், கணினியை அணைத்து, மின்னேற்றும் கம்பியைக் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பற்றறியாயின் அதனையும் எடுத்துவிடுங்கள். பின், தொடக்கும் பொத்தானை முப்பது வினாடி விடாது அழுத்திப் பிடியுங்கள். அட்டையும் அதன் சுற்றும் தேக்கிவைத்திருக்கும் மிச்ச மின்னேற்றம் வடிந்துவிடும். மின்வெட்டும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் மலிந்த எமது கரையோரத்தில், திடீரென மறைந்த அட்டை இம்முறையால் மீண்டும் தலைகாட்டுவது அரிதன்று. மந்திரம்போல் தோன்றினும் இதில் மந்திரம் ஏதுமில்லை. தடுமாறி உறைந்துநின்ற ஒரு சிறு மின்சுற்று, மின்சாரம் முற்றாக அற்றபின் முதலிலிருந்து தொடங்குகிறது, அவ்வளவே.

இத்தனையும் செய்தபின்னரே ‘டிவைஸ் மனேஜர்’ என்னும் பட்டியலைத் திறக்க வேண்டும். விண்டோஸ் தொடக்கப் பொத்தானின்மேல் வலப்பக்கச் சுட்டியை அழுத்தினால் அப்பெயர் தோன்றும். அதிலே ‘நெற்வேர்க் அடாப்டர்ஸ்’ என்ற தலைப்பை விரியுங்கள். வைஃபை அல்லது வயர்லெஸ் என்ற சொல் அடங்கிய ஒரு பெயர் அங்கே இருத்தல் வேண்டும். இப்பட்டியலைத்தான் நாம் விதானையாரின் குறிப்பேடு என்போம். பெயரின்மேற் கீழ்நோக்கிய அம்பு இருந்தால், அட்டை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. வலச்சுட்டியால் ‘எனேபிள்’ செய்தாற் போதும். மஞ்சள் முக்கோணம் இருந்தால், அட்டை உயிரோடு இருக்கிறது, டிரைவரோடு அதற்கு மனத்தாங்கல். அதன்மேல் இருமுறை சுட்டினால் ஓர் இலக்கம் தெரியும். 10 என்றால் அட்டையைத் தொடக்க முடியவில்லை. 43 என்றால் அட்டை தானே கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதனை நிறுத்திவிட்டது. பெயரே இல்லாவிடின், மேலுள்ள ‘வியூ’ என்பதில் மறைந்த சாதனங்களையும் காட்டு என்று கேளுங்கள். மங்கிய சாம்பல் நிறத்திற் பெயர் தெரிந்தால், முன்பு இருந்தது, இப்பொழுது கணினியின் கண்ணுக்குப் படவில்லை என்பது பொருள்.

டிரைவர் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சாரதி என்பதே நேர்ப்பொருள். வண்டி நல்லதாயினும் சாரதி புதியவனாயின் வாய்க்காலில் இறக்கிவிடுவான். விண்டோஸ் தன்னைத் தான் புதுப்பிக்கும் இரவுகளிலே பழைய சாரதியை இறக்கிவிட்டுப் புதியவனை ஏற்றுவது உண்டு. நேற்று வரை ஓடிய வைஃபை இன்று காலை நின்றதாயின், முதலிற் சந்தேகிக்க வேண்டியது இதனையே. அதே இடத்தில் ‘டிரைவர்’ என்ற ஏட்டைத் திறந்து, ‘றோல் பாக்’ என்பது மங்காது தெளிவாக இருந்தால் அதனை அழுத்துங்கள். பழைய சாரதி திரும்பி வருவான். அது மங்கியிருந்தால், அட்டையை அப்பட்டியலினின்றும் ‘அன்இன்ஸ்ரோல்’ செய்து, கணினியை றீஸ்ராட் செய்க. விண்டோஸ் அட்டையைப் புதிதாகக் கண்டு தன்னிடமுள்ள டிரைவரைப் பொருத்தும். அப்போது டிரைவரையும் அழிக்கவா என்று ஒரு சிறு கட்டம் கேட்கும். முதன்முறை அதிற் குறியிடாது விடுவதே பாதுகாப்பு.

இங்கே ஒரு முட்டுக்கட்டை தோன்றும். புதிய டிரைவர் இணையத்தில் இருக்கிறது. இணையமோ அது இல்லாமல் வராது. கிணற்றுக்குள் விழுந்த வாளியை எடுக்க அவ்வாளியே வேண்டும் என்ற கதை. இதற்கும் தொலைபேசியே உதவி. அதனை மின்னேற்றும் யூஎஸ்பிக் கம்பியாற் கணினியோடு இணைத்து, தொலைபேசியின் அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். வைஃபை அட்டை இல்லாமலே கணினிக்கு இணையம் வந்துவிடும். நாளை விண்ணப்ப முடிவுத் தேதி என்ற நிலையில் இருக்கும் மாணாக்கர் வேறெதையும் வாசிக்காவிடினும் இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் நன்று. கணினியைத் திருத்துவதற்கு முன் விண்ணப்பத்தை அனுப்பிவிடலாம். தொலைபேசியின் டேட்டா செலவாகும் என்பதால், அவ்விணைப்பை ‘மீற்றர்ட்’ என்று குறித்துவிடுங்கள். இன்றேல் விண்டோஸ் தனக்கு வேண்டியவற்றையெல்லாம் இறக்கி, மாதத்துக் கணக்கை ஒரு மணித்தியாலத்திற் குடித்துவிடும். டிரைவரைக் கணினி செய்த நிறுவனத்தின் தளத்தில், கணினியின் அடிப்பாகத்தில் ஒட்டியுள்ள மாதிரி இலக்கத்தைக் கொடுத்துப் பெறுதல் வேண்டும். ‘உங்கள் டிரைவர்கள் பழையன, உடனே இதனை இறக்குக’ என்று வழியில் மறித்துக் கூவும் விளம்பரங்களை நம்பவே வேண்டாம். அவை ஒரு நோயோடு வந்தவருக்கு ஒன்பது நோய் கொடுத்து அனுப்புவன.

குறி வருவதும் போவதுமாக இருக்கும் கணினிக்கு வேறு சிகிச்சை. அட்டையின் குணங்களைக் காட்டும் அதே சாளரத்தில் ‘பவர் மனேஜ்மென்ற்’ என்ற ஏடு இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்க இச்சாதனத்தை நிறுத்தலாம் என்ற வரியிலுள்ள குறியை எடுத்துவிடுங்கள். சிக்கனம் நல்லதே, பாடம் நடக்கும்போது ஆசிரியரின் வாயை மூடும் சிக்கனம் வேண்டாம்.

மற்ற நோய்களைச் சுருங்கச் சொல்லலாம். அயலார் பெயர் தெரிய, எம் பெயர் மட்டும் தெரியாதது எதனால்? மலிவான கணினிகள் பலவற்றின் அட்டை 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டுமே கேட்கும். றவுட்டர் 5இல் மட்டும் பேசினால், அது செவிடன் முன் ஊதிய சங்கு. றவுட்டரில் இரண்டையும் இயக்குதல் வேண்டும். வைஃபைப் பெயரின் இறுதியில் ‘5ஜி’ என்று இருப்பதைக் கண்டு, இது ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசிச் சேவை என்று மயங்குவோர் பலர். அந்த ஐந்து வேறு, இந்த ஐந்து வேறு. கடவுச்சொல் சரியாயினும் ஏற்கவில்லையெனின், கணினியில் அப்பெயரை ‘ஃபொகெற்’ செய்து மறுபடி இணைக்க. அதற்கும் இணங்காவிடின் றவுட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, பழைய அட்டைக்கும் விளங்கும்படி டபிள்யூபிஏ2உம் கலந்த முறைக்கு மாற்றுக. இணைந்தும் பக்கங்கள் திறக்கவில்லையெனின், கணினியின் தேதியைப் பாருங்கள். தாய்ப்பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறு பற்றறி தீர்ந்துவிட்டால் கணினி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்பான தளங்கள் அத்தேதியை நம்பாமற் கதவடைத்துவிடும். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது றவுட்டரிடம் முகவரி கேட்டு விடை பெறாமல் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்க. றவுட்டரை மீளத் தொடக்குக. ‘நெற்வேர்க் றீசெற்’ என்பது கடைசி ஆயுதம். சேமித்த கடவுச்சொற்களையெல்லாம் அது துடைத்துவிடும். முதலில் அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்க.

அட்டை நலமாயிருந்தும் அலை மெலிந்து வரும் வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். றவுட்டரின் ஒலிபரப்பு வலு ஏறத்தாழ ஒரு வாற்றில் பத்திலொரு பங்குதான். கணினியை வந்தடைவதோ ஒரு வாற்றை ஆயிரங்கோடி பங்காக்கியதில் ஒன்று என்ற அளவில் இருந்தாலும் அட்டை அதனைப் புரிந்துகொள்கின்றது. இத்துணைச் செவிக்கூர்மை உடையதன் முன்னே இரும்பு அலுமாரியை நிறுத்தலாமா? முன்னறைத் தரையில், அலுமாரிக்குப் பின்னால், மீன்தொட்டிக்கு அருகில் றவுட்டரை வைத்துவிட்டுப் பின்னறையில் வரவில்லை என்று குறைப்படுவது எங்கும் காணும் காட்சி. உலோகம் அலையைத் திருப்பும், நீர் விழுங்கும், தகரக் கூரையும் கம்பி வைத்த கொங்கிறீற்றுச் சுவரும் மறிக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமுடையது, ஆயினும் சுவர் கடக்கும் ஆற்றல் குறைந்தது, 2.4 அதற்கு மாறு. வீட்டின் நடுவே, தலைக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில் றவுட்டரை வைக்க. மருதமுனை, கல்முனை போன்று வேலிக்கு வேலி வீடு நெருங்கிய ஊர்களில் 2.4இல் நெரிசல் மிகுதி. ஒன்றோடொன்று மேவாத அலைவரிசைகள் 1, 6, 11 என்ற மூன்றே. அயலார் எல்லோரும் ஆறில் இருந்தால் நீங்கள் ஒன்றுக்கோ பதினொன்றுக்கோ மாறுக.

கடைக்குப் போகவே வேண்டியிருப்பின் எப்படிப் போவது? மேற்சொன்ன எல்லாம் செய்தும் பட்டியலிற் பெயர் தோன்றவில்லையாயின், அட்டை கழன்றோ கருகியோ இருக்கலாம். உப்புக்காற்று வீசும் எம் கரையில் அட்டையின் தொடுமுனைகளிற் களிம்பு ஏறுவதும் உண்டு. பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபை அட்டை, தாய்ப்பலகையிற் செருகப்பட்ட தனித்துண்டு. ஒரே திருகாணியாற் பிடிக்கப்பட்டது. மிக மெல்லிய சில மாதிரிகளில் மட்டுமே அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். ஆகவே மாவடிப்பள்ளி அன்பர் பழுதுபார்ப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “அட்டையைக் கழற்றி, வேறோர் அட்டை போட்டுப் பார்த்தீர்களா?” பார்க்காமல் தாய்ப்பலகையைக் குறை கூறுபவரிடம் கணினியை விட்டுவர வேண்டாம்.

விட்டுவருவதைப் பற்றி இன்னுமொன்று. பெண்பிள்ளைகள் உள்ள வீட்டார் கணினியைக் கடையில் விட அஞ்சுவதை நாம் அறிவோம்; அவ்வச்சம் நியாயமானதே. வைஃபை பார்ப்பதற்குப் பிள்ளையின் கடவுச்சொல் அவசியமன்று. வேறொரு பயனர் கணக்கைத் திறந்து அதனைக் கொடுக்கலாம். ஆயினும் கணினியின் உள்ளே தட்டு மறைகுறியாக்கம் செய்யப்படாதிருந்தால் அது முழுக்காவல் ஆகாது. ஆதலின் படங்களை வெளித் தட்டொன்றுக்கு மாற்றிவிட்டு, கூடுமானால் வேலை முடியும் வரை அருகே இருந்து வருதலே மேல். பிறர் கணினியின் தகவல்களை அனுமதியின்றிப் பார்ப்பது இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் பிள்ளைகள் அறிந்திருத்தல் நல்லது.

அட்டையை மாற்ற முடியாவிடினும் கணினியை ஒதுக்க வேண்டியதில்லை. பெருவிரலளவான யூஎஸ்பி வைஃபைத் துண்டு ஒன்றைச் செருகினால் அது அட்டையின் வேலையைச் செய்யும். மேசைக் கணினி வைத்திருப்போருக்கும் இதுவே எளிய வழி. வாங்கும்போது இரு சுருதியிலும் கேட்பதா என்று கேட்டு வாங்குக. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்குரிய பொதுவான ஆதரவு முடிந்துவிட்டதால், உங்கள் விண்டோஸின் இலக்கத்தைச் சொல்லி, அதற்கு டிரைவர் உண்டா என்றும் உறுதி செய்க. நீலநிறத் துவாரங்களில் ஓடும் யூஎஸ்பி 3 சாதனங்கள் 2.4 கிகாஹேர்ட்ஸில் இரைச்சல் எழுப்புவன. எனவே வெளித் தட்டு செருகிய துவாரத்துக்குப் பக்கத்தில் இதனைச் செருகாமல், ஒரு முழ நீளமான நீட்டுக் கம்பியில் மாட்டி, மேசையின் மேலே, கணினியின் இரும்புப் பெட்டிக்கு அப்பால் நிற்கும்படி வைத்துவிடுங்கள்.